காந்த வீட்டுக் காகம்

போன மாதம் சுகந்தி என்றொரு பிள்ளை வெள்ளவத்தையிலுள்ள எங்கள் மாடி வீட்டைத் தேடி வந்தாள். பூமியின் காந்தத்தை ஆராய்ந்து பட்டம் எடுக்கப் போகிறவள். வெள்ளைக்காரர் காலத்தில் நாங்கள் பதிந்த காந்தத் தாள்களைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். அந்தத் தாள்களில் கையெழுத்து வைத்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பென்சன் கந்தோருக்கே அந்தச் செய்தி சரியாகத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் நேரில் போய் நிரூபித்துவிட்டு வருகிறேன்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. நான் பதில் சொல்லச் சொல்ல அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. “ஐயா, இதை எழுதித் தாங்கோ. இந்த வேலைக்கு வாற பிள்ளையள் வாசிக்க வேணும்” என்றாள்.

எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மேலதிகாரி மிஸ்டர் பெல்டன் ஒரு பெரிய விஷயத்தைச் சரியாகக் கண்டவர். பிறகு அது பிழை என்று தானே அறிவித்துவிட்டுத் தலை குனிந்து கப்பலேறினார். அதற்குக் காரணம் ஓர் இரும்பு ஆணி. அந்த ஆணி அங்கே வந்தது என் சாப்பாட்டோடு. அது தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதவன் நான்.

நான் படித்தது கொட்டாஞ்சேனையில், பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில். கணக்கு நன்றாக வந்தது, வேறொன்றும் வரவில்லை. அரசாங்கச் சோதனை எழுதினேன். வானிலைக் கந்தோரில் எடுத்தார்கள். கொஞ்சக் காலம் மழைமானி, கொஞ்சக் காலம் காற்றுமானி, பிறகு காந்தம். பயிற்சி என்று சொல்லக்கூடியது அவ்வளவுதான். காந்தத்துக்குப் போக வேறு ஒருவரும் விரும்பவில்லை என்பது போன பிறகே எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் கொழும்பில் ட்ராம் ஓடியது. ட்ராமுக்கு ஓடும் மின்சாரம் காந்த ஊசியைக் குழப்பும். அதனால் நகரத்தை விட்டு விலகி, வெள்ளவத்தைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோட்டத்தில் எங்கள் நிலையத்தை வைத்திருந்தார்கள். இன்று அந்த இடத்தில் நின்றால் பஸ் மோதும். அன்று தெஹிவளைப் பக்கத்திலிருந்து வரும் மாடுகளும் கடற்காற்றும்தான் அங்கே நடமாடின. தோட்டத்தின் ஒரு முனையில் கந்தோர் இருந்தது. மறுமுனையில் தனியாக, யன்னல் இல்லாத ஒரு சிறு கட்டடம். அதற்குக் காந்த வீடு என்று பெயர்.

காந்த வீட்டுக்குள் ஒரு கல் தூணின்மேல் நூலிலும் மெல்லிய இழையில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும். அதில் ஒட்டிய கண்ணாடியில் விளக்கின் ஒளி பட்டு, மெல்லச் சுழலும் உருளையில் சுற்றிய புகைப்படத் தாளில் ஒரு புள்ளியாக விழும். பூமியின் காந்தம் ஏறினால் புள்ளி ஏறும், இறங்கினால் இறங்கும். அடுத்த நாள் தாளைக் கழுவினால் ஒரு முழு நாளின் கோடு தெரியும். அந்தக் கோட்டைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலை. யாரிடமிருந்து என்றால், இரும்பிடமிருந்து.

காந்த வீட்டில் கதவுப் பிணைச்சல் பித்தளை, ஆணிகள் செம்பு. உள்ளே போகிறவன் திறப்புக் கொத்து, பேனாக் கத்தி, குடை, இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் வாசலிலிருந்த மரத்தட்டில் போட்டுவிட்டுப் போக வேண்டும். சப்பாத்தின் அடியில் ஆணி இருக்கும் என்பதால் எல்லாரும் வெறுங்கால். களிசான் கொளுவிகள் இரும்பு என்பதால் எல்லாரும் சாரம். பெல்டனும் சாரம்தான். ஆறடி உயரத்துக்குக் கட்டம் போட்ட சாரம், சிரட்டைப் பொத்தான் வைத்த சட்டை, ஆமையோட்டுச் சட்டம் போட்ட கண்ணாடி. காந்தத்தின் அருகில் அவர் உரத்துப் பேசவும் மாட்டார். சத்தத்தால் காந்தம் கெடாது என்பது எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் போகிறவர் போலத்தான் போவார்.

அவர் ஆளைச் சோதிக்கும் முறைதான் எங்கள் தோட்டத்தில் பேர்போனது. கையில் ஒரு சின்னத் திசைகாட்டியை வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கிறவனின் தலையிலிருந்து தொடங்கி, தோள், மார்பு, இடுப்பு, முழங்கால் என்று மெதுவாகச் சுற்றிக்கொண்டு வருவார். ஊசி அசைந்தால் அந்த இடத்தில் இரும்பு. நாங்கள் அதற்கு ஆரத்தி என்று பெயர் வைத்தோம். ஒரு நாள் அது அவர் காதில் விழுந்து, என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் காலை திசைகாட்டியோடு வந்து நின்று, தமிழில், மிகவும் மரியாதையாக, “ஆரத்தி” என்றார். அன்றிலிருந்து அதுவே கந்தோர்ச் சொல்லாயிற்று. மற்றபடி அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கிழமைப் பெயர்களை அவர் எழுத மாட்டார். வருஷப் பிறப்பிலிருந்து முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிக்கொண்டே போவார். “சூரியனுக்குத் திங்களும் தெரியாது, செவ்வாயும் தெரியாது. நாம் ஏன் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?” என்பார். மேலே, வெகு உயரத்தில், வெயில் பட்டு மின்சாரம் ஓடும் காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. அந்த மின்சாரம்தான் மத்தியானத்தில் எங்கள் கோட்டைத் திமில்போல் மேலே தூக்குகிறது. எல்லா நாட்டிலும் அப்படித்தான். ஆனால் கொழும்பில் அந்தத் திமில் இருக்க வேண்டியதைவிட உயரம் என்று பெல்டனுக்கு ஓர் எண்ணம். அதை நிரூபிப்பதற்காகத்தான் அவர் இந்தத் தோட்டத்தில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது.

பெண்ணின் பெயர் மகேஸ்வரி. அவளுடைய அப்பாவுக்கு இரும்புக் கடை. ஆணி, சங்கிலி, நங்கூரம், தண்டவாளச் சாமான் எல்லாம் அவரிடம் இருக்கும். என் உத்தியோகத்தைப் பற்றி விசாரித்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“தம்பி, நான் இரும்பில சோறு தின்னுறவன். நீர் இரும்பைக் கண்டா ஓடுறீர். இது எப்பிடிச் சரிவரும்?”

“கந்தோரில மட்டும்தான் மாமா.”

“அப்ப வீட்டில ஓடமாட்டீர்?”

“இல்லை.”

“சரி” என்றவர், சீதனத்தோடு ஓர் இரும்புக் கட்டிலும் அனுப்பிவைத்தார். ஆறு பேர் தூக்கி வந்தார்கள். பழக்கதோஷத்தில் நான் சட்டைப் பையிலிருந்த திசைகாட்டியை எடுத்துக் கட்டிலைச் சுற்றிப் பிடித்தேன். ஊசி பம்பரம்போல் சுற்றியது. புதுப் பெண்டாட்டி கதவடியில் நின்று பார்த்துவிட்டு, தன் தாயிடம் போய், “அம்மா, இவர் கட்டிலுக்குச் சாத்திரம் பாக்கிறார்” என்று சொன்னாள்.

மகேஸ் நன்றாகச் சமைப்பாள். அதுதான் வினையாயிற்று. வெள்ளவத்தையில் வாடகைக்குக் குடிவந்தோம். கந்தோர்ப் பியோன் பியதாச ஒவ்வொரு நாளும் மத்தியானத்துக்கு முன் எங்கள் வீட்டுக்குப் போய், துணியில் கட்டிய சாப்பாட்டுக் கரியரை எடுத்து வருவான். பித்தளைக் கரியர். வாங்கிய அன்றே பெல்டனிடம் கொண்டுபோய் ஆரத்தி காட்டி, குற்றமற்றது என்று பெயர் வாங்கினேன். முதல் நாள் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வந்தது. கந்தோரிலிருந்த மூன்று கிளாக்கர்மாரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

“என்ன ஐசே, வாசம் காலி ஊர் வரைக்கும் போகுது.”

“ஒரு துண்டு தாரும், ருசி பாக்க.”

ஒவ்வொருவரும் ஒரு துண்டு ருசி பார்த்தார்கள். பிறகு ருசி சரியா என்று இன்னொரு துண்டு பார்த்தார்கள். எனக்கு மிஞ்சியது எலும்பும் குழம்பும். இரண்டு கிழமை பொறுத்தேன். அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். மத்தியானத்தில் காந்த வீட்டுக்குப் போய் விளக்குத் திரியைப் பார்ப்பது என் கடமை. அந்த வீட்டின் இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு சின்ன நடை இருந்தது. இருட்டும் குளிர்ச்சியுமான இடம். கிளாக்கர்மார் வர மாட்டார்கள், சாரம் கட்ட அவர்களுக்குப் பஞ்சி. பியதாச கரியரை அங்கே கொண்டுவந்து தந்துவிடுவான். நான் நடைச் சுவரில் சாய்ந்துகொண்டு, நிம்மதியாக, கடைசித் துண்டு வரைக்கும் நானே தின்பேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் தூணும் காந்தமும். காந்த வீட்டில் சாப்பிடக் கூடாது என்று எழுதியே இருந்தது. பித்தளைக்கும் ஆட்டிறைச்சிக்கும் காந்தம் அசையாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

சில நாட்களில் பெல்டன் தாளைக் கழுவிக்கொண்டு இருட்டறையிலிருந்து வெளியே வந்தார். தாளிலிருந்து தண்ணீர் அவர் சாரத்தில் சொட்டியது. அது அவருக்குத் தெரியவில்லை.

“இங்கே பார்.”

மத்தியானத் திமிலின் உச்சியில் ஒரு சின்னக் குமிழ். சட்டென்று ஏறி, கொஞ்ச நேரம் நின்று, சட்டென்று இறங்கியிருந்தது.

“மாட்டின் திமிலில் காகம் இருக்கிறதுபோல இருக்கிறது, சேர்” என்றேன்.

“காகம்” என்று தமிழில் திருப்பிச் சொன்னார். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

காகம் வந்தது, போனது. இரண்டு மூன்று நாள் இருக்கும், அடுத்த நாள் இராது. பெல்டன் ஒரு கெட்டிக்காரர் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார். ரயில் நேரங்களைச் சரிபார்த்தார். வெள்ளவத்தை நெசவு ஆலையில் இயந்திரம் ஓடும் நேரத்தைக் கேட்டு வந்தார். எங்கள் எல்லோருக்கும் காலையில் இருமுறை ஆரத்தி நடந்தது. கடைசியில் சந்தேகம் மாட்டின்மேல் விழுந்தது. பால்காரர் காசிம் நானாவின் மாடு மத்தியான வெயிலுக்குக் காந்த வீட்டு நிழலில் வந்து படுப்பது வழக்கம்.

பெல்டன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டின் அருகே முழந்தாளிட்டார். கொம்பிலிருந்து தொடங்கி, கழுத்து, முதுகு என்று திசைகாட்டியைக் கொண்டுபோனார். மாடு அவர் சட்டையை நக்கியது. வயிற்றுக்கு வந்ததும் ஊசி ஆடியது.

காசிம் நானா தூரத்திலிருந்து ஓடி வந்தார். “என்ன தம்பி இது? எண்ட மாட்டுட வகுத்துல தொர என்னத்த தேடுற?”

“இரும்பு நானா.”

“அது கம்பி தின்னும், ஆணி தின்னும், போன மாசம் ஒரு சாவியும் தின்னுச்சு. பால்ல எதும் வரல்ல. தொரக்கிட்ட சொல்லுங்க, பாலுல இரும்பு கலக்கிற பழக்கம் எனக்கிட்ட இல்ல. தண்ணி மட்டுந்தான்.”

நான் கடைசி வசனத்தை மொழிபெயர்க்கவில்லை. மாட்டை வேலிக்கு அப்பால் கட்டச் சொன்னார்கள். அடுத்த நாள் காகம் வழமைபோல் வந்து திமிலில் உட்கார்ந்தது.

ஆகவே இது பூமியின் வேலை அல்ல, மாட்டின் வேலையுமல்ல, மேல்வானத்தின் வேலை என்று பெல்டன் முடிவு செய்தார். திமில் உயரமாக இருப்பதும் அதன்மேல் காகம் வந்து குந்துவதும் ஒரே காரணத்தால்தான். மத்தியானத்தில் எங்கள் தலைக்கு மேலே, ஆறுபோல் ஒடுங்கிய ஒரு மின்னோட்டம் பாய்கிறது, சில நாட்களில் அது பொங்குகிறது. இதுதான் அவருடைய கொள்கை. அவர் எழுதத் தொடங்கினார். எழுதும்போது வாய்க்குள் பாடுவார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எங்களுக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. நான் விரதம். கரியர் வரவில்லை. பின்னேரம் பாலும் பழமும் மட்டும். அந்த நாட்கள் முழுவதும் காகம் வரவில்லை. பெல்டன் சூரியன் களைத்துவிட்டது என்று குறித்துக்கொண்டார். விரதம் முடிந்து, வீட்டில் இறைச்சி காய்ச்சிய அன்று, காகமும் வந்தது.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், காகம் என் கரியரோடு வந்து போகிறது என்று எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் நடையில் உட்கார்ந்து கரியரைத் திறக்காமல், அதைக் கட்டியிருந்த துணியைத் தடவிப் பார்த்தேன். அடியில் ஒரு மடிப்புத் தைத்து, அதற்குள் ஏதோ இருந்தது. பிரித்தேன். ஒரு சாண் நீளம், பெருவிரல் மொத்தம். தண்டவாளத்தைக் கட்டையோடு அறையும் ஆணி.

பியதாச வாசலில் நின்றான்.

“இது என்ன?”

“ஆணி, மாத்தயா.”

“ஏன் இதுக்குள்ள?”

என்னைப் பார்த்து அவன் பரிதாபப்பட்டான். “மஸ், இறைச்சி கொண்டுவாறது மாத்தயா. மத்தியானம் சுடலைப் பக்கம்தானே வாறது. இரும்பு இல்லாம வந்தா யக்கா, பேய், பின்னால வரும். முதல் நாளே வீட்டு நோனாகிட்டச் சொன்னேன். நோனாவுக்கும் தெரியும்.”

“பிறகு ஏன் சில நாளில இல்லை?”

“செவ்வா, வெள்ளி பருப்புத்தானே. பருப்புக்கு யக்கா வராது.”

வீட்டில் மகேஸிடம் கேட்டேன். “நான் என்ன புதுசாவோ செய்தனான்?” என்றாள். “பொரிச்சது, இறைச்சி வெளியில போனா ஒரு இரும்பு வைக்கிறது எல்லா வீட்டிலயும் உள்ளதுதானே. சின்ன ஆணி போதும் எண்டு நான் சொன்னனான். அப்பாதான், மருமேனுக்குக் குடுக்கிறது கடையில உள்ளதில நல்லதாயிருக்க வேணும் எண்டு இதைத் தந்தவர்.”

அவளில் பிழை இல்லை. பியதாசவிலும் இல்லை. காந்த வீட்டுக்குள் சாப்பிடுவதற்குப் போன ஒருவனில்தான் பிழை.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கந்தோர் வாசல் வரைக்கும் போனேன். பெல்டன் என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். கட்டுரை சீமைக்குப் போய்விட்டதாம். அங்கே இந்தத் துறையில் பெரிய புரொபசர் ஒருவர் ஒஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் கப்பல் கொழும்பில் தங்கும் ஒரு பகலில் இங்கே வந்து காகத்தைப் பார்க்கப் போகிறாராம். மகேஸ் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். காந்த வீட்டில் சாப்பிட்டவனுக்கு அன்றே வேலை போகும். “நல்ல செய்தி, சேர்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஆணி இல்லாமல் சாப்பாடு கொண்டுவரும்படி பியதாசவிடம் சொன்னேன். அவன் முடியாது என்றான். ஆகவே கந்தோரிலேயே சாப்பிட்டேன், கிளாக்கர்மாருக்கு நல்ல காலம். காகம் மெதுவாக மறந்துபோகும் என்பது என் கணக்கு. நடந்தது வேறு. காகம் இல்லாத தாள்களைப் பார்த்துப் பார்த்துப் பெல்டன் வாடிப்போனார். வாய்க்குள் பாடுவது நின்றது. “புரொபசர் வருகிற அன்றைக்காவது வருமா?” என்று என்னிடம், காகத்தின் சொந்தக்காரனிடம், கேட்டார்.

அதனால்தான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தேன்.

கப்பல் வந்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் மகேஸிடம் ஆணியைக் கேட்டேன்.

“வெள்ளியில ஆணி என்னத்துக்கு? கத்தரிக்காயும் பருப்பும்.”

“தாருமன்.”

“பருப்புக்குப் பேய் வாறதெண்டா, அது எந்த ஊர்ப் பேய்?”

ஆணியைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு போனேன். விருந்தாளி வரும் நாள், காலை ஆரத்தி நடக்கவில்லை. புரொபசர் மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். பெல்டன் அவருக்காக, நான் அதுவரை காணாத கோலத்தில் வந்திருந்தார். வெள்ளைக் களிசான், கோட்டு, மினுக்கிய சப்பாத்து. மத்தியானம் இருவரும் காந்த வீட்டு நடையில், என் சாப்பாட்டு இடத்தில், உட்கார்ந்து காத்திருந்தார்கள். எனக்கு உள்ளே இடமில்லை. ஆகவே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், காந்தத்துக்கு நேரே சுவரோடு பல்லிபோல் ஒட்டிக்கொண்டு, ஆணியைச் சுவரில் அழுத்திப் பிடித்தேன்.

“செவருக்கு ஏன் தம்பி முத்தம் குடுக்குற?”

வேலிக்கு அப்பால் காசிம் நானா மாட்டோடு நின்றார்.

“பேசாதீங்கோ நானா. அரசாங்க வேலை.”

“மாட்டுட வகுத்தத் தடவுறதும் அரசாங்க வேலை, செவரத் தடவுறதும் அரசாங்க வேலை. நல்ல அரசாங்கம்” என்றார்.

போதும் என்று தோன்றியதும் ஆணியை அவர் கையில் கொடுத்தேன். “இதை வச்சிருங்கோ. ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்கோ.” அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மாடு கட்ட நல்ல முளை என்று சொல்லி, அங்கேயே நிலத்தில் அறைந்தார்.

தாளை நேரத்தோடு எடுத்துக் கழுவினார்கள். காகம் இல்லை. காகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிணறு இருந்தது. கணக்கில் கெட்டிக்காரனான நான் ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். தூணின் மறுபக்கத்தில் இரும்பைப் பிடித்தால் காந்தம் மறுபக்கமாகத் திரும்பும்.

புரொபசர் தாளை வெகு நேரம் பார்த்தார். “இதை மேல்வானம் செய்யவில்லை. யாரோ இரும்பு கொண்டுவந்திருக்கிறார்கள்” என்றார்.

எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். பெல்டனின் திசைகாட்டியை வாங்கிப் புரொபசரே பிடித்தார். கிளாக்கர்மார், பியதாச, நான். என்னிடம் ஊசி அசையவில்லை. பிறகு, ஒரு மரியாதைக்காக, பெல்டனின் பக்கம் திரும்பினார். பெல்டன் சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கி, “ஆரத்தி” என்றார்.

ஊசி நாய் வால்போல் ஆடியது. களிசானைத் தோளோடு பிடிக்கும் பட்டியில் இரும்புக் கொளுவிகள். மினுக்கிய சப்பாத்தின் அடியில் வரிசையாக ஆணிகள். விருந்தாளிக்காக உடுத்தி வந்த பரபரப்பில், திறப்பையும் மணிக்கூட்டையும் தட்டில் போட்டவர் இவற்றை மறந்துபோனார்.

கிளாக்கர் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். பெல்டன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத்தனை காலமும் நான் எல்லாரையும் சோதித்தேன். என்னை ஒருவரும் சோதிக்கவில்லை” என்றார். “இன்று மறந்தவன் முன்பும் மறந்திருப்பான்.”

“காகம் போகட்டும். திமில் உண்மையாக இருக்கலாம்” என்றார் புரொபசர்.

“நான் கையெழுத்து வைத்த எதையும் இனி நான் நம்பத் தயாரில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.”

நான் அவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றேன். உள்ளங்கையில் துரு மணத்தது. ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த நேரத்தில் எனக்கு வேலை ஞாபகம் வந்தது, மகேஸின் வயிறு ஞாபகம் வந்தது, அந்த மூன்று கிளாக்கர்மாரின் முகம் ஞாபகம் வந்தது. உண்மையில் அந்த முகங்கள்தான் முதலில் வந்தன. பின்பக்கச் சுவரோடு பல்லிபோல் ஒட்டி நின்றதை எப்படிச் சொல்வது என்ற வெட்கம். வேலைக்குப் பயந்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் மன்னிக்கக்கூடும் என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன்.

பெல்டன் சொன்னபடி செய்தார். கட்டுரையைத் தந்தி அடித்துத் திருப்பி எடுத்தார். காந்தத்தை விட்டு மழைமானிப் பக்கம் தானாகக் கேட்டுப் போனார். காந்த வீட்டின் பொறுப்புக்கு என் பெயரைச் சிபாரிசு செய்தார். சிபாரிசில் என்னைப் பற்றி, தான் அறிந்தவர்களில் மிகச் சுத்தமான ஆள் என்று எழுதியிருந்தாராம். கிளாக்கர்மார் எனக்கு அதைச் சொல்லிக் கைகொடுத்தார்கள்.

யுத்தம் முடிந்து, சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு தொடங்கிய காலத்தில் அவர் ஊருக்குப் போனார். மகேஸும் நானும் இறங்குதுறைக்குப் போனோம். சொல்ல வேண்டும் என்று வழி முழுவதும் வசனத்தைக் கட்டிக்கொண்டு போனேன். அவர் கையைப் பிடித்ததும், “இந்த வருஷம் மழை நேரத்தோடு வந்துவிட்டது, சேர்” என்றேன். “ஆம், மழையை நம்பலாம்” என்றார். படகில் ஏறும்போது திரும்பி, “காகம் வந்தால் எழுது” என்று சிரித்தார். நான் எழுதவில்லை. பிறகு அவர் இறந்துபோனதாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்.

இனிச் சுகந்தியின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் தாள்களில் நாள் எண் மட்டும்தான் இருந்தது. அவளுடைய கம்ப்யூட்டர், கேட்காமலே, ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் கிழமையைப் போட்டுவிட்டதாம்.

“ஐயா, இந்த மத்தியானக் குமிழ் இரும்பு எண்டு பார்த்த உடனேயே விளங்குது. ஆனா செவ்வாயிலயும் வெள்ளியிலயும் மட்டும் ஒரு குமிழும் இல்லை. அது ஏன்?”

“அண்டைக்கு எங்கட வீட்டில மரக்கறி பிள்ளை” என்றேன். ஆணிக் கதையையும் சொன்னேன். அப்போதுதான் அவள் அப்படிச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் ஒரு படத்தை எடுத்து என் முன் விரித்தாள். செவ்வாய், வெள்ளித் தாள்களை மட்டும் சேர்த்துக் கீறிய கோடு. காகம் இல்லாத, மாசு மறுவற்ற திமில். இருக்க வேண்டியதைவிட உயரமான திமில்.

“இது உண்மை ஐயா. மத்தியானத்தில எங்கட தலைக்கு மேல அப்பிடி ஒரு ஒடுங்கின மின்னோட்டம் ஓடுறது இண்டைக்கு எல்லா நாட்டிலயும் தெரியும். வேற இடத்தில வேற ஆக்கள் கண்டுபிடிச்சு, பேரும் வச்சிட்டினம். உங்கட பெல்டன் சொன்னது சரி. ஆணியைப் பற்றி ஆரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த நாளுகளை விட்டிட்டு மிச்சத்தை வச்சிருந்திருப்பார்.”

அவள் படத்தை மடித்து வைத்தாள். பிறகு, இந்தத் தாள்களைப் பற்றி எழுதும்போது ஏன் வாரத்தில் சில நாட்களை மட்டும் எடுத்தோம் என்று காரணம் போட வேண்டுமே என்றாள்.

“மரக்கறி எண்டு போடுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ, சாப்பிட்டவன் எண்டு. திமிலைக் கண்டவர் பெல்டன் எண்டு அதுக்கு மேல போடுங்கோ.”

போடுகிறேன் என்று சொன்னாள்.

அவள் எழும்பிய நேரம் மகேஸ் குசினியிலிருந்து வந்தாள். எண்பதை நெருங்கிவிட்டாள், இன்னும் கை நிற்பதில்லை. மீன் கட்லட் பொரித்துக் கட்டி ஒரு பைக்குள் வைத்துக் கொடுத்தாள். “தெஹிவளைக்குத்தானே பிள்ளை? பொழுதுபடப் போகுது, நேர வீட்ட போங்கோ.”

“இல்லை அம்மம்மா, முதல்ல ஆய்வுகூடத்துக்குப் போகவேணும். புதுக் காந்தமானி ஓடிக்கொண்டிருக்கு.”

பிள்ளை பையை வாங்கிக்கொண்டு படியில் இறங்கினாள். இரண்டு படி இறங்கியிருப்பாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“பிள்ளை, நில்லுங்கோ” என்றேன். “அந்தப் பைக்குள்ள ஒரு ஆணி இருக்கு. மானிக்குக் கிட்டப் போக முதல் எடுத்து வெளியில வச்சிடுங்கோ.”

மகேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுகந்தி பையைத் திறந்து, பொட்டலத்துக்கு அடியில் கைவிட்டு, அதை எடுத்து உயர்த்திக் காட்டினாள். இந்த முறை சின்ன ஆணிதான்.